அரிசிப் பையா, தண்டல் அட்டையா? கிறிஸ்துமஸ் நிதி பற்றி உங்கள் கருத்து வேண்டும்

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோவில் வட்டாரத்தில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். சபையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாமியார்களோ கன்னியரோ நடத்துவதல்ல, வேலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் நடத்துவது. வாரம் ஒருமுறை கூடுவோம். பிறகு இருவர் இருவராகப் பிரிந்து, உதவி கேட்ட குடும்பத்தின் வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு துணிப்பை கைமாறி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பையும், மாதம் ஒரு ஞாயிறு கோவில் வாசலில் எடுக்கும் காணிக்கையும்தான் எங்கள் வருமானம்.

ஆண்டுதோறும் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நாற்பது குடும்பங்களுக்குப் பை கொடுக்கிறோம். பத்துக் கிலோ அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மைதா, ஒரு சேலை அல்லது வேட்டி. இந்த முறை கையிருப்பு 72,000 ரூபாய். நாற்பதால் வகுத்தால் வீட்டுக்கு 1,800. கணக்கு சரியாக வருகிறது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

காரணம் இதுதான். சென்ற மாதம் ஒரு குடும்பத்துக்கு அவசர உதவியாக அரிசி கொடுத்தோம். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், முதுகெலும்பு நகர்ந்துவிட்டதால் எழுந்து நடப்பதே அரிது. மனைவி எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் துணி மடிக்கிறார். கொடுத்த மூன்றாம் நாள், தெருமுனை மளிகைக் கடையில் அதே அரிசிப் பையைப் பார்த்தேன். என் பைதான் என்று எப்படித் தெரியும் என்றால், பைகளை எல்லாம் சாக்கு ஊசியில் பச்சை நூல் கோத்து நான்தான் தைப்பேன். கடைக்காரர் 300 ரூபாய்க்கு வாங்கியதாகச் சொன்னார்.

கோபத்தோடுதான் அந்த வீட்டுக்குப் போனேன், மறைக்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அழவும் இல்லை, மழுப்பவும் இல்லை. அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தார். பாதி டிரம் ரேஷன் அரிசி இருந்தது. அதற்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். கணவர் கண்ணில் படாமல் அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறார். உறைக்குள் மூன்று தண்டல் அட்டைகள், அதாவது தினம் வசூலிக்கும் கடனுக்கான அட்டைகள். ரோஸ் நிற அட்டை, நூறு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. முதல் அட்டையில் 61 கட்டம் நிரம்பியிருந்தது. “வீட்டில் அரிசி இருக்கிறது அண்ணா. சாயங்காலம் ஏழு மணிக்குக் கொடுக்க முந்நூறு ரூபாய்தான் இல்லை” என்றார்.

தண்டல் தெரியாத வடசென்னைக்காரர் இருக்க மாட்டார். 10,000 ரூபாய்க் கடன் என்பார்கள். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. முதல் அட்டையைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. அவருடைய நாள் கூலி 450. அதில் 300 அட்டைக்குப் போகிறது.

2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிற மாநிலம் இது. அப்படி இருக்க நாங்கள் இன்னமும் அரிசியைத்தான் சுமந்துகொண்டு போகிறோம். இந்த 72,000 ரூபாயை நாற்பது பையாகப் பிரிக்காமல், நாலைந்து குடும்பங்களின் தண்டலை அடைக்கப் பயன்படுத்தினால் என்ன? சபைக் கூட்டம் அடுத்த ஞாயிறு. எனக்கு எதிராகப் பேசுபவர்களின் கருத்துதான் முதலில் வேண்டும்.

---

காசிமேட்டு மகள் எழுதியது:

அண்ணா, எதிராகப் பேசவில்லை, மாதத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

என் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். அம்மா கூடையில் மீன் விற்றார். எங்கள் பக்கம் கஷ்டம் டிசம்பரில் வருவதில்லை, ஏப்ரல் 15-இல் வருகிறது. அன்று முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம், தடை தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. பதிவு பெற்ற மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ஆக இருந்ததை 8,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் துறைமுகத்தை நம்பிப் பிழைப்பது படகில் ஏறுபவர் மட்டுமா? ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், மீன் வெட்டித் தருபவர், அதிகாலையில் இட்லிக் கடை போடுபவர் என்று எத்தனையோ பேர். சின்ன ஃபைபர் படகு தடைக்காலத்திலும் போகலாம்தான். ஆனால் அது கொண்டுவரும் மீன், கரையில் நிற்கிற இத்தனை பேருக்கும் வேலை தராது.

தடைக்காலம் முடிவதற்கு முன்பே பள்ளிக்கூடம் திறந்துவிடும். கட்டணம், நோட்டு, சீருடை, செருப்பு. அம்மா ஒவ்வொரு மே மாதமும் தண்டல் எடுத்தார். டிசம்பரில் மீன் நன்றாகப்பட்ட ஆண்டிலும் அந்த அட்டை ஓடிக்கொண்டிருக்கும். கோவிலில் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் பை கொடுத்தார்கள், நன்றியோடு வாங்கினோம். அதே பணம் மே 20-ஆம் தேதி வந்திருந்தால் அந்த ஆண்டே வேறு மாதிரி இருந்திருக்கும்.

---

ராயப்பர் கோவில் தெரு எழுதியது:

பொருளாளர் தம்பிக்கு. எனக்கு 74 வயது. உங்கள் பங்கு அல்ல, ஆனால் நாற்பது ஆண்டுக்கு மேலாக இதே சபையில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட எதிர்ப்பை நான் தருகிறேன்.

பையில் இருப்பது அரிசி என்று நினைத்து எடை போடுகிறீர்கள். எங்கள் தெருவில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு விதவை இருந்தார். ஒரே மகன், மனவளர்ச்சி குன்றியவன். அந்த மாடியில் பன்னிரண்டு வீடு, கிறிஸ்தவ வீடு அவருடையது மட்டும். தீபாவளிக்குப் பத்து வீட்டிலிருந்து தட்டு வரும். ரம்ஜானுக்கு எதிர் வீட்டிலிருந்து பிரியாணி வரும். வந்த தட்டை வெறும் தட்டாக எப்படித் திருப்பிக் கொடுப்பது? கழுவி அடுக்கி வைத்துவிட்டு டிசம்பர் வரை காத்திருப்பார். நம் பையில் வரும் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான் கலகலாவாகவும் முறுக்காகவும் பதினோரு வீட்டுக்கும் போகும். ஆண்டு முழுவதும் வாங்கியவர் அந்த ஒரு நாள் கொடுப்பார். நம் சேலையைக் கட்டிக்கொண்டு நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்து முன் வரிசையில் உட்காருவார். அதைத் தண்டல் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

இன்னொன்று. நம் சபை 1833-இல் பாரிஸில் தொடங்கியது. பிரெடரிக் ஓசானாமுக்கு அப்போது வயது இருபது, கல்லூரி மாணவர். அவரும் நண்பர்களும் யாருக்கு உதவுவது என்று தெரியாமல், ஏழைகள் நிறைந்த முஃப்தார் பகுதியில் பணி செய்த சகோதரி ரொசாலி ரெந்துவிடம் போனார்கள். அவர்தான் குடும்பங்களின் பெயரைத் தந்து, கையில் ரொட்டிச் சீட்டும் கொடுத்து அனுப்பினார். கவனியுங்கள், முதல் பொருள் ரொட்டிதான். ஆனால் அந்தச் சீட்டைத் தெருவில் வரிசை நிறுத்திக் கொடுக்கவில்லை, வீடேறிப் போய்க் கொடுத்தார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் ஏழை வீட்டுக் கதவைத் தட்டுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். பைதான் நமக்கு அந்த வாசலைத் திறக்கிறது.

வியாசர்பாடியில் மந்தோவானி சாமியார் நடத்திய பீட்டிட்யூட்ஸ் இல்லத்தைச் சிறுவனாகப் பார்த்தவன் நான். இத்தாலியிலிருந்து வந்த சலேசியக் குரு. அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களும் அங்கே வந்து நிறைந்திருந்தன. சோறு போடுகிற இடத்துக்குத்தான் மக்கள் வந்தார்கள். வந்த பிறகுதான் மற்ற எல்லாமும்.

---

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது:

ஐயா, அந்தத் தட்டுகளைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. ஒன்பது ஆண்டாக மைதாவைப் பொட்டலம் கட்டுகிறேன். அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆனாலும் ஏழு மணிக்கு வாசலில் வந்து நிற்கிற வண்டியின் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்தபோதே தண்டல்காரன் வந்தான். அந்த அம்மா கணவருக்குக் கேட்காமல் ஓடி வெளியே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

---

அட்டையைக் கிழித்தவன் எழுதியது:

இங்கே பல ஆண்டுகளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதியே ஆக வேண்டும். நான் ஆறு ஆண்டுகள் தண்டல் வசூல் செய்தவன். பணம் என்னுடையதல்ல, முதலாளியுடையது. எனக்கு நாள் கூலி. தண்டையார்ப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை பக்கம் நாளுக்கு எண்பது வாசல் ஏறுவேன். இன்று வேறு வேலையில் இருக்கிறேன். செய்ததை நினைத்து வருந்துகிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பொருளாளர் அண்ணா, கோவில் பணம் கட்டப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் இல்லாத அபராதமெல்லாம் முளைக்கும். அந்த அம்மாவின் அண்ணன் தம்பி யாராவது முன்னால் நின்று பேச வேண்டும். முழுத் தொகையையும் ஒரே நாளில் தருகிறோம் என்றால் முதலாளி நிச்சயம் குறைப்பார். அவருக்கு முதல் எப்போதோ திரும்பி வந்திருக்கும், கைமேல் பணம் வந்தால் அதை அடுத்த தெருவில் விடலாம் என்றுதான் கணக்குப் போடுவார்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன், என்னென்ன அடகு வைத்தார் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை பெண்கள் இதைக் கடைசி வரை சொல்ல மாட்டார்கள். எழுதாத பத்திரத்தில் கையெழுத்து, ரேஷன் அட்டை, வங்கி ஏ.டி.எம். அட்டை, அதன் ரகசிய எண். இவை கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அட்டையை முடித்துவிட்டு, பத்திரத்தைப் பிறகு தருகிறேன் என்பார்கள். அந்தப் பத்திரம் இரண்டு ஆண்டு கழித்து வேறொருவர் கையில் வரும்.

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் கொண்டுவந்த அதிக வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். மிரட்டல் என்று வந்தால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அந்த அம்மா அதே தெருவில்தான் நாளையும் இருக்க வேண்டும்.

கடைசியாக, இனி கடனே வாங்கக் கூடாது என்று சத்தியம் வாங்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வாங்கத்தான் செய்வார். அந்த ஆயிரம் ரூபாயைத் தண்டல்காரனிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கலாம் என்ற நம்பிக்கை வந்தால்தான் அட்டை திரும்பி வராமல் இருக்கும். நாங்கள் ஏன் ஜெயித்தோம் தெரியுமா? இரவு பத்து மணிக்குக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் கொடுப்போம். நீங்கள் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தால் அவர் எங்களிடம்தான் வருவார்.

---

வியாசர்பாடி டீச்சர் எழுதியது:

மேலே எழுதிய சகோதரரின் பதிவை இரண்டு முறை படித்தேன். துணிவாக எழுதியதற்கு நன்றி.

நான் அரசு உதவிபெறும் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆசிரியை. பணத்தையும் அரிசியையும் விட அதிகமாக இந்தக் குடும்பங்கள் இழப்பது, பெயர் ஒத்துப்போகாத காகிதத்தால். கிறிஸ்தவக் குடும்பங்களில் இது கூடுதல். ஞானஸ்நானத்தில் மரிய செல்வி, பிறப்புச் சான்றிதழில் எம். செல்வி, ஆதாரில் மரியசெல்வி, ரேஷன் அட்டையில் வெறும் செல்வி. நான்கும் ஒரே குழந்தை. ஆனால் கணினிக்கு நான்கு பேர். ஒரு திருத்தத்துக்கு மூன்று நாள் கூலியை விட வேண்டும், அதனால் போக மாட்டார்கள்.

உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இப்போது புதுமைப் பெண் திட்டம் பொருந்தும். 2022-இல் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, 2024 இறுதியில் எங்கள் பள்ளிகளுக்கும் விரிந்தது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். காலை உணவும் 2025 ஆகஸ்டு முதல் நகரத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கு, 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி போய்விடுகிறது. இங்கே பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். அந்த அநீதியைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இழை போதாது. ஆனால் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்ற பிரிவில் மாநில அரசு தரும் கல்வி உதவித்தொகைகள் உண்டு. என் வகுப்பில் தகுதி உள்ள பெற்றோரில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை.

உங்கள் சபையில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரோ வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தவரோ இருந்தால், வாரம் ஒரு மாலை கோவில் வளாகத்தில் ஒரு மேசை போட்டு உட்காரச் சொல்லுங்கள். இருவர் வீட்டுக்குப் போகும்போது ஒருவர் பேசட்டும், ஒருவர் காகிதங்களைப் பார்க்கட்டும்.

---

கைப்பிடி அரிசி எழுதியது:

நான் சி.எஸ்.ஐ. சபை. எங்கள் பாட்டி காலத்திலிருந்து வீட்டில் ஒரு டின் இருக்கிறது. சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அந்த டின்னில் போட வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனைக்கு எடுத்துப் போவோம். ஏழை வீட்டுப் பெண்களும் கொண்டுவருவார்கள், அதுதான் எனக்கு முக்கியம். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் அதைச் சேர்த்து, வெள்ளிக்கிழமைகளில் சாம்பார் சாதமாக்கி, ஸ்டான்லி மருத்துவமனையில் நோயாளியோடு தங்கியிருப்பவர்களுக்குக் கொண்டுபோகிறோம். நோயாளிக்கு உள்ளே சாப்பாடு கிடைக்கும், கூட இருப்பவர் டீயும் பன்னுமாகவே நாலைந்து நாள் ஓட்டுவார்.

அரிசியை விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வந்தேன். வாங்குகிறவருக்காக இல்லை, கொடுக்கிறவருக்காக. எல்லாரும் ரூபாய் கொடுக்க முடியாது. கைப்பிடி அரிசி எல்லாராலும் முடியும்.

---

வளைகுடாத் தமிழன் எழுதியது:

தவறாக எண்ண வேண்டாம். எங்கள் ஊர்க் கோவில் சபைக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறேன். அறை நண்பர்கள் ஐந்து பேரும் சேர்ந்து கொடுக்கிறோம். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு புகைப்படம் கேட்டால் சபையில் முகம் சுளிக்கிறார்கள். ஐம்பது டிகிரி வெயிலில் உழைத்த காசு. போய்ச் சேர்ந்ததா என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா? கடன் அடைப்பது நல்லதுதான், ஆனால் அரிசிப் பையாவது கண்ணில் தெரியும். அடைத்த கடனை எப்படிக் காட்டுவீர்கள்?

---

புதுவண்ணை எழுதியது:

வளைகுடா அண்ணனுக்கு ஒரு படத்தின் கதையைச் சொல்கிறேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. எங்கள் தெரு அம்மன் கோவிலில் என் தாத்தா பூக்கட்டித் தந்தவர். 2023 டிசம்பர் புயலில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு ஓர் அமைப்பு உதவி கொடுக்க வந்தது. பெயர் வேண்டாம், நல்ல எண்ணத்தில்தான் வந்திருப்பார்கள். மைதானத்தில் வரிசை. ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு வாளி, உள்ளே போர்வை, பிஸ்கட், பால் பவுடர். வாளியை இரண்டு கையாலும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். அம்மா சரியாகப் பார்க்கவில்லை என்று இரண்டாம் முறை நிற்கவைத்தார்கள். அந்தப் படம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலேயே சுற்றியது. என் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களும் பார்த்தார்கள். அம்மா அந்த வாளியை இன்றுவரை பயன்படுத்தவில்லை. மொட்டை மாடியில் கவிழ்ந்து கிடக்கிறது.

அடுத்த ஆண்டு அப்பா இறந்தார். விடியற்காலை. குளிர்பெட்டிக்கு முன்பணம் கேட்கிறார்கள், கையில் ஒன்றும் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் வின்சென்ட் சபைக்காரர்கள் இருவர் வந்தார்கள். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று இன்றும் தெரியாது. ஒருவர் குளிர்பெட்டிக்காரரைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசி முடித்தார். மற்றவர் என் தம்பியோடு மாநகராட்சி மயானத்துக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார். எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்ன மதம் என்பதும் வாசலில் இருந்த மாலையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு இறப்புச் சான்றிதழ், அம்மாவுக்கு விதவை உதவித்தொகை என்று ஐந்து மாதம் அலைந்தவர்களும் அவர்களே. இப்போது மாதம் 1,200 ரூபாய் வருகிறது.

அந்த இருவரிடமும் எங்கள் படம் இல்லை. அண்ணா, உங்கள் பணம் அந்தக் குளிர்பெட்டியாகக்கூட இருந்திருக்கலாம்.

---

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது:

வளைகுடாத் தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. முகத்தைக் காட்டாமல் கணக்கைக் காட்டும் கடமை எங்களுக்கு உண்டு. எங்கள் சபையில் குடும்பத்துக்கு ஓர் எண். பெயரும் முகவரியும் ஒரு பதிவேட்டில் மட்டும் இருக்கும், அது பூட்டில் இருக்கும். காணிக்கை தருபவர்களுக்கு “குடும்பம் 17, மருந்து, இவ்வளவு, ரசீது இணைப்பு” என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாள் தருகிறோம். உங்கள் சபையிலும் அப்படிக் கேளுங்கள். தராவிட்டால் விடாதீர்கள்.

பணம் அனுப்புவதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நீங்கள் உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர் அனுப்பினால் ஆகும், அவர் நம்மவராகவே இருந்தாலும். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். சின்னக் கிளைச் சபைகள் தெரியாமல் வாங்கிவிட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது.

---

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

கூட்டம் முடிந்தது. இரண்டரை மணி நேரம். இந்த இழையிலிருந்து நான்கு பதிவுகளை எழுத்துவிடாமல் படித்துக் காட்டினேன். தட்டுகளைப் பற்றிய பதிவுக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முடிவானது இது. நாற்பது வீட்டுக்கும் பை உண்டு, ஆனால் அரிசியும் பருப்பும் இல்லை. மைதா, சர்க்கரை, எண்ணெய், துணி. மொத்தக் கடையில் வாங்கினால் வீட்டுக்கு 800 ரூபாயில் முடிகிறது, 32,000. மீதி 40,000 வட்டியில்லாச் சுழல் நிதி. அதில் 2,000 வரை தலைவரும் நானும் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் அன்றே கொடுக்கலாம், பிறகு கணக்கு வைக்கலாம். இதற்குத்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஒருவர் ஒப்பாமலேயே கையெழுத்திட்டார். பணம் திரும்பி வராது என்கிறார். சில இடங்களில் வராமல்தான் போகும். அதையும் எழுதிவைத்திருக்கிறோம்.

அந்த அம்மாவின் மூன்று அட்டையிலும் சேர்த்து மிச்சம் 18,700 ரூபாய். அவருடைய தம்பி முன்னால் நின்றார். “அட்டையைக் கிழித்தவன்” தம்பி இரண்டு முறை வந்து, எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். 15,000-த்தில் முடிந்தது. அவர் சொன்னதைப் போலவே, அடகு வைத்த பொருளைப் பற்றிக் கடைசி வரை அந்த அம்மா வாய் திறக்கவில்லை. பணம் எண்ணும் நேரத்தில்தான் சொன்னார், ஏ.டி.எம். அட்டை அவர்களிடம் இருக்கிறது என்று. அதை வாங்கிக்கொண்டுதான் பணத்தைக் கொடுத்தோம்.

மறுநாள் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிவு போட்டோம். மகளிர் உரிமைத் தொகை மாதந்தோறும் 15-ஆம் தேதிவாக்கில் ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறது. வந்த அன்றோ மறுநாளோ ஆயிரமும் எடுக்கப்பட்டிருக்கிறது. ஏழு மாதம். அவர் ஒரு ரூபாய்கூடப் பார்க்கவில்லை. தண்டல் அட்டையில் அந்த ஏழாயிரத்துக்கு ஒரு கட்டமும் நிரம்பவில்லை. மேலாளரிடம் சொல்லி ரகசிய எண்ணை மாற்றிக்கொண்டு வந்தோம். அந்த ஏழாயிரத்தைக் கேட்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவுக்கே விட்டிருக்கிறோம். இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்.

திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று தலைவர் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. வாரம் 500 ரூபாய், முப்பது வாரம் என்று அவரே சொன்னார். முன்பு வாரத்துக்கு 2,100 போய்க்கொண்டிருந்தது. முதல் ஐந்நூறு நேற்று வந்தது. நான் அதற்கு அட்டை போடவில்லை, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அட்டை என்ற பொருளே அந்த வீட்டுக்குள் போக வேண்டாம் என்று தோன்றியது.

டீச்சர் அக்கா, மேசை போட்டாயிற்று. புதன்கிழமை மாலை ஆறு மணி. முதல் வாரம் மூன்று பேர், மூவருக்கும் பெயர்ப் பிழை.

---

ராயப்பர் கோவில் தெரு எழுதியது:

மைதாவை விட்டுவைத்ததற்கு மகிழ்ச்சி தம்பி. பருப்பை எடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை. ரேஷனில் துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோதான், அதுவும் தீர்ந்துவிட்டது என்பார்கள். அடுத்த ஆண்டு இதே நேரம் மறுபடியும் பேசுவோம்.

---

காசிமேட்டு மகள் எழுதியது:

அண்ணா, அந்த ஏழாயிரத்தைப் படித்துவிட்டு வேலையில் கை ஓடவில்லை. என் அம்மாவின் ஏ.டி.எம். அட்டையும் யாரிடமாவது இருந்திருக்குமோ என்று இன்று மாலை கேட்கப் போகிறேன்.

மே மாதத்தை மறந்துவிடாதீர்கள். நோட்டுப் புத்தகங்களைப் பாரிமுனை பந்தர் தெருவில் மொத்த விலைக்கு எடுக்கலாம். ஜூன் நெருங்கினால் கூட்டமும் விலையும் ஏறிவிடும், மே முதல் வாரத்திலேயே போய்விட வேண்டும். எந்த வகுப்புக்கு எத்தனை என்று எழுதி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன். மீன் விற்றவர் மகள், எனக்கு விலை பேசத் தெரியும்.